கூலன்ட் எங்கே போகிறது?

ஸ்ரீ கெம்பாங்கானில் கார் பட்டறைக்குப் பஞ்சமே கிடையாது. புதுக்கிராமத்துக் கடை வரிசைகளிலும், தொழிற்பேட்டைகளிலும், சற்றுத் தள்ளி பாலாக்கோங்கிலும் யாராவது ஒரு போமன் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். அப்படியிருந்தும் கூலன்ட் கசிவு என்று வந்துவிட்டால் நம்மில் பலர் திணறிப்போகிறோம். கம்பெனி சர்வீஸ் சென்டர் பெரிய தொகை ஒன்றைச் சொல்கிறது. தாமான் முனையில் இருக்கும் பட்டறைக்காரர் அதில் பாதிகூடச் சொல்வதில்லை. யாரை நம்புவது என்று யோசிக்கிறோமே தவிர, இருவரும் ஒரே கோளாறுக்குத்தான் விலை சொல்கிறார்களா என்று கேட்பதில்லை. தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு அதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கூலன்டின் வேலை. இஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் சூட்டில் ஒரு பங்குதான் சக்கரத்தை ஓட்டுகிறது. மிச்சத்தை வெளியே கடத்தியாக வேண்டும். இஞ்சின் சுவருக்குள் ஓடும் வழிகளில் கூலன்ட் சுற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு, ரப்பர் ஹோஸ் வழியாக முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டு ஆறி மறுபடியும் உள்ளே போகிறது. அதைத் தள்ளுவது வாட்டர் பம்ப். இஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் வழியை அடைத்து வைத்திருப்பது தெர்மோஸ்டாட். சுங்கை பீசி டோலில் மாலை நெரிசலில் நிற்கும்போது எதிர்க்காற்று இல்லாததால், மின்விசிறிதான் ரேடியேட்டருக்குக் காற்று கொடுக்கிறது. கசிவுள்ள கார்கள் பெரும்பாலும் நெரிசலில் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

இந்தச் சுற்றில் மிக மலிவான பொருள் ரேடியேட்டர் மூடி. அதன் வேலையைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இஞ்சினின் சில மூலைகளில் அதைவிடச் சூடு அதிகம். எனவே மூடியில் ஒரு ஸ்பிரிங் வைத்து, உள்ளே அழுத்தம் கூடும்படி அடைத்துவிடுகிறார்கள். வீட்டுக் குக்கரில் வெயிட் போட்டதும் தண்ணீர் 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது போலத்தான். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது அந்த அழுத்த அளவு. 1.1 மூடி ஒழுங்காக இருந்தால், வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் கொதித்துப் பொங்கி வெளியேறும். அதைப் பார்த்துவிட்டு ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

இனி, எல்லோருக்கும் இருக்கும் அந்தத் தப்பெண்ணத்துக்கு வருவோம். கூலன்ட் பெட்ரோலைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும், சூட்டில் ஆவியாகும், மாதம் ஒருமுறை ஊற்றிக்கொண்டால் சரி என்று நினைக்கிறோம். அப்பாவின் பழைய காரில் தண்ணீர்ப் புட்டி ஒன்று எப்போதும் பின்னால் உருண்டுகொண்டிருந்ததும் இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம். உண்மையில் இது மூடிய சுற்று. சூடேறும்போது கூலன்ட் விரிந்து, மூடியின் வால்வைத் தாண்டி, பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் டேங்குக்குப் போகிறது. ஆறும்போது சுருங்கி, அங்கிருந்து திரும்ப உறிஞ்சப்படுகிறது. போனது வந்துவிடும். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேங்கில் இருக்கும் அளவு, பல மாதங்களுக்குப் பிறகும் பெரிதாக மாறக்கூடாது. ஒவ்வொரு வாரமும் இறங்குகிறது என்றால் அது எங்கோ வெளியேறுகிறது. ஊற்றிக்கொண்டே இருப்பது டேங்கை நிரப்புமே தவிர, கசிவை ஒன்றும் செய்யாது.

"தரையில் ஒரு சொட்டுகூட இல்லையே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல கசிவுகள் அழுத்தம் ஏறிய பிறகுதான், அதாவது சூடான பிறகுதான் தொடங்கும். அப்போது வெளியேறும் துளி சுடும் இஞ்சின் மேல் பட்டு உடனே காய்ந்துவிடுகிறது. தரைக்கு எதுவும் வருவதில்லை. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் படிந்த தடம் மட்டும் மிஞ்சும். நல்ல போமன் முதலில் தேடுவது அந்தத் தடத்தைத்தான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏர்கான் ஓடினால், முன்பக்கம் காருக்கு அடியில் சுத்தமான தண்ணீர் சொட்டுவது இயற்கை. அதைப் பார்த்து அலற வேண்டாம். விரலில் தொட்டுப் பாருங்கள். நிறமும் வழுவழுப்பும் லேசான இனிப்பு வாடையும் இருந்தால்தான் கூலன்ட். நாய், பூனை நக்கிவிடக்கூடும், அவற்றுக்கு அது விஷம். உடனே கழுவிவிடுங்கள்.

வெப்பமானி ஊசி நடுவிலேயே நிற்கிறது, அதனால் பயமில்லை என்ற ஆறுதலும் அரைகுறையானது. பல புதிய கார்களில் ஊசியே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். ஊசி இருந்தாலும், சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் இறங்கி அது காற்றில் நின்றுவிட்டால் எதையாவது சொல்லும். கசிவைச் சிறிய விஷயமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென் ஆப்பிரிக்கா ஒரு பாடம். 2017 ஜனவரியில் ஃபோர்ட் அங்கே 1.6 லிட்டர் கூகா கார்கள் 4,556ஐத் திரும்ப அழைத்தது. கூலன்ட் சரியாகச் சுற்றாமல் சிலிண்டர் ஹெட் மிதமிஞ்சிச் சூடேறி, விரிசல் விட்டு, அதன் வழியே ஆயில் கசிந்து, சூடான பகுதியில் பட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் இருந்த கார்கள் அவை. பெரும்பாலான கசிவுகள் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் ஹெட் வளைந்துபோவதும் ஹெட் கேஸ்கட் கருகுவதும் இங்கே அன்றாடம் நடப்பவை. ஒரு ஹோஸ் கிளிப்பில் முடிந்திருக்கக்கூடிய செலவு, இஞ்சினைத் திறக்கும் செலவாக வளர்வது இப்படித்தான்.

பனி விழாத நாட்டில் பைப் தண்ணீர் போதாதா என்றால், வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம். தினமும் அதுவே என்றால் கூடாது. கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. பம்ப்பின் சீலையும் அது காக்கிறது.

சரி, இப்போது அந்தப் பெரிய தொகைக்கு வருவோம். எந்தக் கொட்டேஷனையும் கையில் வாங்கியதும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்கக்கூடாது. "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்பதுதான் அது. பிரஷர் டெஸ்ட் என்று ஒரு எளிய சோதனை உண்டு. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்ப்பைப் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். பம்ப்பின் முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் எங்கோ ஓட்டை. விளக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடிப்பிடிக்கலாம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஹோஸ் முனை ஆகியவை வழக்கமான இடங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளையையும் பார்ப்பார்கள். சீல் தேய்ந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று தயாரிப்பாளரே வேண்டுமென்று விட்டு வைத்த துளை அது. வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் மட்டும் இறங்கினால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் போகும். அதற்கு வேறொரு சோதனை: இஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

இந்தச் சோதனைகள் செய்யாமல் எழுதப்படும் கொட்டேஷன் வெறும் ஊகம். "ரேடியேட்டர், பம்ப், ஹவுசிங் எல்லாமே" என்ற பட்டியல் பல சமயம் அப்படித்தான் பிறக்கிறது. ஒன்றை மாற்றி, கசிவு நிற்காமல், வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவதை எந்தச் சர்வீஸ் சென்டரும் விரும்பாது. எல்லாவற்றையும் மாற்றினால் அவர்களுக்கு நிம்மதி. அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த நிம்மதிக்குக் காசு கொடுப்பது நாம்தான்.

விலை உயர்வதற்கு இன்னும் இரண்டு காரணங்கள். ஒன்று, கம்பெனி கேட்டலாக்கில் சிறு வளையம் தனியாக இல்லாமல், முழு ஹவுசிங்காகத்தான் பொருள் கிடைக்கும். மற்றது கூலி. போமன் எவ்வளவு நேரம் உழைத்தார் என்று பார்த்துக் கணக்கிடுவதில்லை. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று தயாரிப்பாளர் வகுத்திருக்கும் அட்டவணைப்படி போடுகிறார்கள். கூலிக்கு மேல் சேவை வரி, அது 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. இங்கேதான் நாம் கண்ணை விரித்துப் பார்க்க வேண்டும். பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் எட்டுவதற்கு ஒரே பகுதியைத்தான் கழற்றுகிறார்கள் என்றால், இரண்டு வேலைக்கும் முழுக் கூலி எப்படி வரும்? கூலன்ட் ஒருமுறை வடித்து ஒருமுறைதானே ஊற்றப் போகிறார்கள், அது ஏன் இரண்டு வரியில் இருக்கிறது? மரியாதையாகக் கேட்டால் பல இடங்களில் திருத்திக் கொடுப்பார்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும். சில இஞ்சின்களில் டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் பம்ப்பைத் தொட முடியும். அங்கே பெல்ட்டையும் சேர்த்து மாற்றச் சொன்னால் அது நல்ல யோசனை.

கார் வாரண்டியில் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள். பெரோடுவா, புரோட்டோன் இரண்டுமே பல மாடல்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் வரை கொடுக்கின்றன. அந்தக் காலத்துக்குள் வெளியாள் திறந்தால், பிறகு வாதம் செய்வது கடினம். வாரண்டி முடிந்த காருக்கும் இலவசத் திருத்தம் ஏதாவது அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். டர்போ சிஎஃப்இ இஞ்சின் கார்களில் ஆயில் கூலர் ஹோஸைப் புரோட்டோன் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தது நினைவிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், கசிவு எங்கே என்று உறுதியான பிறகு வெளிப்பட்டறையில் விலை கேட்பதில் தவறே இல்லை. இப்போது இருவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்வார்கள். ஒரிஜினலா, ஓ.இ.எம்-மா, ஹாஃப் கட் காரிலிருந்து எடுத்ததா என்பதை மட்டும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ரப்பரையும் சீலையும் பழைய காரிலிருந்து வாங்காதீர்கள், அவற்றின் வயது தெரியாது.

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. 56ஆவது பிரிவு, நியாயமான விலைக்கு மேல் நாம் கொடுக்கத் தேவையில்லை என்கிறது. ஆனால் அது விலையை முன்கூட்டிப் பேசி முடிக்காதபோதுதான். தொகையைப் பார்த்து ஜாப் ஷீட்டில் கையெழுத்திட்டுவிட்டால் 56 நமக்குத் துணைக்கு வருவது கடினம், 53 மட்டுமே மிஞ்சும். எனவே ஓரிரு நாள் கேட்டு வாங்குங்கள். எம்ஆர்டி புத்ராஜெயா தடம் செர்டாங் ராயா, தாமான் ஈக்குவைன் வழியாக ஓடுகிறது. அதுவரை கார் பட்டறையில் கிடந்தால் கிடக்கட்டும். காசு வாங்கியும் கசிவு நிற்கவில்லை, பேசியும் பயனில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். கொட்டேஷன், பில், பழைய உதிரிப்பொருள் மூன்றையும் வைத்திருந்தால் உங்கள் வழக்கு பேசும். கழற்றிய பொருளைக் கொடுக்கும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும்.

வேலை முடிந்து கார் வந்ததும் ஒரு விஷயம் உங்களைக் குழப்பும். முதல் ஓரிரு நாளில் ரிசர்வ் டேங்கின் அளவு கொஞ்சம் இறங்கும். கூலன்டை வடித்து ஊற்றும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, அந்த இடத்தைக் கூலன்ட் பிடித்துக்கொள்வதால் அப்படி. இஞ்சின் முழுதாகக் குளிர்ந்த காலையில் கோடு வரை ஊற்றி, ஒரு மார்க்கரால் டேங்கின் மேல் கோடு போட்டு வையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகத்தில் பீறிட்டு அடிக்கும். அந்தக் கோட்டிலிருந்து மறுபடியும் இறங்கினால், ஊற்றாமல் அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரஷர் டெஸ்ட்டைத் திரும்பவும் செய்யச் சொல்லுங்கள்.