அடியில் ஒரு கோட்டை!

இங்கிலாந்தின் வடமேற்கு ஓரத்தில் 'பர்க் பை சேண்ட்ஸ்' என்று ஒரு சின்ன கிராமம். எழுதுவதுதான் பர்க், உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'ப்ரஃப்'! எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் அங்கே விவாகரத்தாகி வெகுநாளாகிறது.

கி.பி. 122-ல் ரோமானியச் சக்கரவர்த்தி ஹேட்ரியன், வடக்கே இருந்தவர்களைத் தடுக்க ஒரு சுவர் எழுப்ப ஆரம்பித்தார். ஒரு கடலோரத்தில் தொடங்கி இன்னொரு கடலோரம் வரை சுமார் 117 கிலோமீட்டர். வழி நெடுகக் கோட்டைகள். அதில் 'அபல்லாவா' என்கிற கோட்டையின் மேல்தான் இந்த ஊர் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே இருக்கும் வயல்களுக்கு அடியிலும் கோட்டைத் தடயங்கள் உண்டு.

சரி, பார்க்கலாம் என்று கேமராவும் கையுமாகப் போனால் ஏமாற்றம்தான். சுவரும் இல்லை, கோட்டையும் இல்லை. வீடுகள், தெரு, புல்வெளி. அவ்வளவுதான்!

நான் பி.காம். படித்தவன். ஒரு சொத்து காணாமல் போனால், அது எந்தக் கணக்குக்கு மாறியது என்று தேடுவது எங்கள் ஜாதக விசேஷம். தேடினால், அகப்பட்டது சர்ச்! கோட்டை இருந்த இடத்திலேயே, 12-ம் நூற்றாண்டில், அந்தக் கோட்டைக் கல்லையே எடுத்துக் கட்டிவிட்டார்கள். மலிவான கட்டுமானச் சாமான் காலடியிலேயே கிடக்கும்போது யார் விடுவார்கள்?

1307 ஜூலை 7-ல், ஸ்காட்லாந்து மீது படையெடுக்க வந்த முதலாம் எட்வர்ட் மன்னர், இந்த ஊர்ச் சதுப்பு நிலத்தில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். உடலை வைத்திருந்ததும் இதே சர்ச்சில்தான். பிறகு ஸ்காட்லாந்துக் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கெட்டியான கோபுரம் கட்டி, உள்ளே இரும்புக் கதவும் போட்டார்கள். ஆக, எல்லைக் காவலுக்கு வந்த கற்கள் ரிடையராகி, தொள்ளாயிரம் வருஷம் கழித்து மறுபடி அதே டூட்டி. பென்ஷன் மட்டும் கிடையாது!

இனிமேல்தான் விஷயமே. 1934-ல் பக்கத்து ஊரில் ஒரு பலிபீடக் கல் கிடைத்தது. கி.பி. 253-க்கும் 258-க்கும் நடுவே ஜூபிடர் தெய்வத்துக்கு வைத்தது. வைத்தவர்கள் யார் தெரியுமா? வட ஆப்பிரிக்கப் பெயர் தாங்கிய மூர் படைப்பிரிவு! இன்றைய மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்து வெயிலில் உருவான படை, சால்வே கழிமுகத்தின் குளிர்காற்றில் காவல் நின்றிருக்கிறது. பிரிட்டனில் ஆப்பிரிக்கர்கள் கூட்டமாக வாழ்ந்ததற்கு ஆதாரமுள்ள மிகப் பழைய இடங்களில் ஒன்று, லண்டன் இல்லை சார், இந்தக் கிராமம்!

கல்லில் தளபதியின் பெயர் இருக்கிறது. சிப்பாய்கள் பெயர்? மூச்! எல்லா ஆபீஸிலும் கையெழுத்துப் போடுபவர் ஒருத்தர், வேலை பார்ப்பவர் வேறே ஒருத்தர்தானே? அந்தப் பாக்கியில் கொஞ்சமாவது 2016-ல் தீர்ந்தது. பிபிசி டெலிவிஷன் தொடர் ஒன்றுக்காக, அந்த ஆப்பிரிக்க வீரர்களை நினைவுகூர்ந்து ஊரில் பலகை வைத்தார்கள்.

'இது எங்க பூர்வீக ஊர்; நீ எங்கேர்ந்து வந்தே?' என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ப்ரஃப் கிராமத்தில் யாராவது அப்படிக் கேட்டால், கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பதில் காலுக்கு அடியிலேயே இருக்கிறது.