ஒரு தூண் போனாலும் நிற்கும் கட்டடம்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு தீ விபத்தின் வரலாறு உண்டு. 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மரத்தாலும் அத்தாப்பாலும் அமைந்த வீடுகள் பல தீக்கிரையாயின. அதன்பின், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்களை எழுப்புமாறு ஆங்கிலேய நிர்வாகம் பணித்தது. அதற்காகச் செங்கல் அறுக்கப்பட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று.

அன்று ஒதுக்கப்பட்ட மரம் இன்று உயர்ந்த கட்டடங்களுக்குத் திரும்பியுள்ளது. பலகைகளை அடுக்கி ஒட்டி, உறுதியான தூண்களாகவும் உத்தரங்களாகவும் சுவர்களாகவும் ஆக்குகின்றனர். நார்வேயில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மரக்கட்டடம் ஒன்று 18 மாடிகளைக் கொண்டது. தடித்த மரம் எரியும்போது அதன் மேற்பகுதி கரியாகி, உட்பகுதியைச் சிறிது காலம் காக்கும். எனினும், தீயைத் தவிர வேறோர் ஆபத்தையும் பொறியியலாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவே தொடர் சரிவு.

தொடர் சரிவு என்பது ஓரிடத்தில் ஏற்படும் சிறு சேதம் பரவிக் கட்டடத்தின் பெரும்பகுதியை வீழ்த்துவதாகும். 1968-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், லண்டனில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் குடியிருப்பில் இது நிகழ்ந்தது. 18-ஆவது மாடியில் ஒருவர் காலைத் தேநீருக்காக அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்து, மூலைச் சுவர் பெயர்ந்தது. தாங்க ஆளின்றி மேல்மாடிகள் சரிந்தன. அவற்றின் மோதலால் கீழ்மாடிகளும் இடிந்தன. நால்வர் உயிரிழந்தனர்.

அக்கட்டடம் தனித்தனிக் கான்கிரீட் பாளங்களை அடுக்கிக் கட்டப்பட்டது. பாளங்களை இணைத்த மூட்டுகள் வலுவாக இல்லை. மரக்கட்டடமும் தனித்தனிப் பாகங்களின் சேர்க்கையே. மேலும், அளவு மீறி இழுக்கப்படும் மரம் வளையாமல் திடீரென முறியும். ஆகவே, மூட்டுகளே அதன் உயிர்நாடி.

இதற்குப் பொறியியலாளர்கள் மூன்று வழிகளைக் கையாளுகின்றனர். முதலாவதாக, தளங்களையும் சுவர்களையும் எஃகுத் தகடுகளாலும் திருகாணிகளாலும் பிணைக்கின்றனர். எஃகு முறியுமுன் வளைந்து கொடுக்கும். இரண்டாவதாக, வரைபடத்தில் ஒவ்வொரு தூணாக நீக்கி, அதன் சுமையை அண்டைத் தூண்கள் தாங்குமா எனக் கணக்கிடுகின்றனர். மூன்றாவதாக, நீக்கவே இயலாத தூண்களுக்குக் கூடுதல் வலிமை சேர்க்கின்றனர்.

விபத்து நேராது என எவரும் உறுதி கூற இயலாது. ஆனால், ஒரு வீட்டில் நேர்ந்த விபத்து மற்ற வீடுகளுக்குப் பரவாமல் தடுக்க இயலும். குடியிருப்போர் படியிறங்கி வெளியேறும்வரை கட்டடம் நின்றால், பல உயிர்கள் பிழைக்கும்.