தறிக்காரரிடம் கைலி வாங்குவோர் கவனத்திற்கு

தீபாவளிக்கு நம் கடைகளில் மூட்டை தூக்கும் தோழர்களுக்கும் மற்ற சிப்பந்திகளுக்கும் துணி எடுத்துக் கொடுப்பது வணிகர்களாகிய நமக்கு வழக்கம். அதில் கைலிக்குத் தனி இடம் உண்டு. துவரம் பருப்பு மூட்டையில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆனால் கைலியை மட்டும் மேலே ஒட்டிய லேபிளைப் படித்துவிட்டு டஜன் கணக்கில் வாங்கி விடுகிறோம். 'கைத்தறி' என்று போட்டிருந்தால் கைத்தறி என்று நம்பி விடுகிறோம். வணிகப் பெருமக்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

துணியால் பிறந்த ஊர்

நம் ஊருக்கும் தறிக்கும் உள்ள உறவு பழையது. 1639-இல் ஆங்கிலக் கம்பெனி இந்தக் கடற்கரையில் கால் வைத்ததே துணி வாங்கத்தான். யானைக்கவுனிக்கு வடக்கே வண்ணாரப்பேட்டை ஏற்பட்டது, ஏற்றுமதித் துணியை வெளுப்பதற்காக. திருவொற்றியூர் போகும் வழியில் உள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். காலெட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. 2021 முதல் அந்தப் பெயரில் மெட்ரோ ரயில் நிலையமும் இருக்கிறது. 1734-இல் ஏற்பட்ட சிந்தாதிரிப்பேட்டையும் நெசவாளர் ஊர்தான். சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிக்கு உலகச் சந்தையில் 'மெட்ராஸ்' என்றே பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதைத் தங்கள் குலத்துணி போலவே போற்றினார்கள்.

இன்று கைலிக்குப் பேர்போன ஊர்கள் குடியாத்தமும் குறிஞ்சிப்பாடியும். கைத்தறிக் கைலி வேண்டுவோர் அந்தப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கங்களையும் தறிக்காரர்களையும் நேரில் அணுகலாம்.

ஸ்காட்லாந்துக்காரர் வாங்கும் முறை

நம் கைலியைப் போலவே இடுப்பில் சுற்றும் கட்டம் போட்ட உடை ஸ்காட்லாந்திலும் உண்டு. அதற்குக் கில்ட் என்று பெயர். 1746-இல் ஆங்கில அரசு சட்டம் போட்டு அதை அங்கே தடை செய்தது. 1782-இல்தான் தடை நீங்கியது. அதனால் அந்த உடை மீது அவர்களுக்குப் பெரும் மதிப்பு.

முறையான கில்ட் ஒன்றுக்குச் சுமார் 8 கஜம் கம்பளித் துணி பிடிக்கும். அதைத் தைப்பதையே தொழிலாகக் கொண்ட கைத்தேர்ந்தவர், இடுப்பையும் உயரத்தையும் அளவெடுத்து, பின்பக்க மடிப்புகளைக் கையாலேயே தைக்கிறார். மடித்த பிறகும் கட்டம் உடையாமல், மடிப்புக்கு மடிப்பு கோடு கோட்டோடு சேர வேண்டும். அதுதான் அவர் கைத்திறனுக்கு அடையாளம். முன்பணம் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறார்கள். அங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கென்று மலிவுச் சரக்கு கடைகளில் தொங்கத்தான் செய்கிறது. விவரம் தெரிந்தவர் மடிப்பைத் திருப்பிப் பார்த்தே இரண்டையும் பிரித்து விடுவார். அந்தப் பார்வை நமக்கும் வேண்டும்.

சரக்கைப் பார்ப்பது எப்படி?

முதலாவது, துணியைத் திருப்பிப் பாருங்கள். சாயம் போட்ட நூலில் நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த துணி.

இரண்டாவது, மூட்டிய இடத்தைப் பாருங்கள். கைலியின் இரு முனைகளும் சேரும் தையலில் கட்டம் கட்டத்தோடு பொருந்த வேண்டும். கில்ட் மடிப்புக்குச் சொன்ன அதே விதிதான்.

மூன்றாவது, கரையைப் பாருங்கள். நாடா ஓடும் தறியில் ஊடை நூல் கரையில் திரும்பி மீண்டும் உள்ளே போகும். கரையில் வெட்டு நூல் பிசிறாக நின்றால் அது நாடா இல்லாத நவீன எந்திரத்தில் ஓடிய துணி. நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கழியின் ஊசித் துளைகளும் கரையில் தெரியும். கைத்தறியில் நெசவாளர் அதைக் கையால் நகர்த்தி வைப்பதால் துளைகள் விட்டுவிட்டு இருக்கும்.

நான்காவது, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் அடித்த நெசவில் இழை நெருக்கம் அங்கங்கே மிகச் சிறிதாக வேறுபடும். இது குறையல்ல, கை பட்டதன் அடையாளம். ஆனால் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் நூல் குறைத்து நெய்த துணி.

ஐந்தாவது, விரலால் கசக்கிப் பாருங்கள். மாவு உதிர்ந்து துணி துவண்டால், கஞ்சியைப் போட்டுக் கனம் காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, நீள அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள். பொதுவாக 2 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். தராசில் எடை குறைந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? இதுவும் அப்படித்தான்.

விலை விஷயம்

கட்டம் நெய்வது லேசான வேலையல்ல. ஊடையில் நிறம் மாறும் ஒவ்வொரு தடவையும் நாடாவை மாற்ற வேண்டும். இழையை எண்ண வேண்டும். ஒன்று தவறினாலும் கட்டம் கோணும். நெசவாளர் ஒருவர் தறியில் உட்கார, வீட்டில் மற்றவர்கள் தார் சுற்றுகிறார்கள், பாவு தோய்க்கிறார்கள். இந்தக் கூலியெல்லாம் சேர்ந்ததுதான் கைலியின் விலை.

ஆகவே விசைத்தறி விலைக்குக் கைத்தறி கேட்டால், விசைத்தறித் துணிதான் கைத்தறி என்ற பெயரில் வரும். அந்தப் பொய்யை ஆரம்பித்து வைப்பது பல சமயம் நெசவாளரும் அல்ல, வியாபாரியும் அல்ல. அடிமட்ட விலை கேட்கும் வாடிக்கையாளராகிய நாம்தான். விசைத்தறிக் கைலி கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை. அதை அதன் பெயரில், அதன் விலையில் வாங்கலாம். பெயர் மாற்றுவதுதான் குற்றம்.

கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் செய்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்போது அந்தப் பட்டியலில் உள்ள 11 இனங்களில் லுங்கியும் ஒன்று. 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. இத்தனைக்குப் பிறகும், 2009-10 கணக்கெடுப்பில் நாடெங்கும் 43 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சமாகக் குறைந்து விட்டது. சட்டமும் முத்திரையும் மட்டும் தறியைக் காப்பாற்றாது. விவரம் அறிந்து வாங்குகிற கை வேண்டும்.

உண்மையைச் சொல்லி விற்பது

பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கிருஷ்ணன் நாயர் சொல்லி வந்த செய்தி ஒன்று உண்டு. 1958-இல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் மெட்ராஸ் துணி வாங்கிப் போனார். குளிர்ந்த நீரில் பதமாக அலசச் சொல்லியும், அந்தக் குறிப்பு நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்களின் சட்டையில் சாயம் ஓடியது. வழக்கு வரை பேச்சு போயிற்று. பிறகு, சாயம் ஓடுவதே இந்தத் துணியின் குணம், துவைக்கத் துவைக்க நிறம் புதிதாகும் என்று வெளிப்படையாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். அதே சரக்கு அமோகமாக விற்றது. எனவே தறிக்காரரிடம் சாயத்தைப் பற்றியும் முதல் அலசலைப் பற்றியும் கேட்டு, வாங்கிக் கொடுக்கும்போது அதையும் சொல்லிக் கொடுங்கள்.

நாம் செய்யக் கூடியது

தீபாவளிக்கு வேண்டிய கைலிக்கு ஆடி மாதமே ஆர்டர் கொடுங்கள். பாவு தோய்த்து உலர்த்த வெயில் வேண்டும்; ஐப்பசி மழையில் அவசரப்படுத்தினால் நல்ல சரக்கு கிடைக்காது. நூல் நம்பர், நீளம், அகலம், நிறம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதிரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த சரக்கை அதோடு ஒப்பிடுங்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். நூல் வாங்க அது அவருக்கு உதவும். மீதியைச் சரக்கு வந்த அன்றே கொடுத்து விடுங்கள். பலசரக்கில் நாம் பார்க்கும் தவணைக் கடன் தறிக்குடும்பம் தாங்காது. பில் கேட்டு வாங்குங்கள், அதில் கைத்தறி என்று எழுதச் சொல்லுங்கள்.

பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால் லாரி வாடகையும் குறையும், தறிக்காரருக்கும் சில மாத வேலை உறுதியாகும். அடுத்த ஆடிக்குள் அந்தந்தத் தெரு அங்கத்தினர்கள் கூடிப் பேசி இதை ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்பது என் வேண்டுகோள்.