கூடுதல் சைரன்: எங்கே பொருத்துவது, எப்போது ஒலிப்பது

ஆம்புலன்ஸ் பின்னாலேயே அலறிக்கொண்டு வந்தாலும் முன்னே போகும் கார் சில நேரம் ஒதுங்குவதில்லை. அந்த ஓட்டுநரை மனசாட்சி இல்லாதவர் என்று திட்டுகிறோம். பல நேரங்களில் அவருக்கு சைரன் உண்மையிலேயே கேட்டிருக்காது. கண்ணாடியை ஏற்றி, ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு போகும் இன்றைய காருக்குள் வெளிச்சத்தம் அவ்வளவு சுலபமாக நுழைவதில்லை.

இதற்கு ஒரு வழியாகத்தான் 2000-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் போலீஸ் வண்டிகளில் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கூடுதல் சைரன் பரவத் தொடங்கியது. ஃபெடரல் சிக்னல் நிறுவனத்தின் ‘ரம்ப்ளர்’, வீலன் நிறுவனத்தின் ‘ஹவ்லர்’ இரண்டும் இந்த வகை. நியூயார்க், வாஷிங்டன் போன்ற நெரிசல் நகரங்களின் போலீஸ் இவற்றைப் பயன்படுத்துகிறது. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சைரனை இவை நீக்குவதில்லை, அதனோடு சேர்ந்து ஒலிக்கின்றன.

வழக்கமான சைரன் ஏன் போதவில்லை?

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். நல்ல சைரன் ஒன்று நேர் முன்னால் 3 மீட்டரில் சுமார் 120 டெசிபெல் தருகிறது என்று கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். 6 மீட்டரில் 114, 12 மீட்டரில் 108, 24 மீட்டரில் 102, 48 மீட்டரில் 96. மூடிய கார் இதில் 30 டெசிபெல் வரை தடுத்துவிடலாம். உள்ளே வந்து சேர்வது 66 டெசிபெல். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் எஞ்சின், டயர், ஏசி, பாட்டு எல்லாம் சேர்ந்த இரைச்சலே 70-ஐத் தாண்டிவிடும்.

அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓட்டுநர் கவனித்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் போயிருக்கும். வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக, நிற்பதற்குத் தேவையான 45 மீட்டர் தூரத்தில் சைரன் இரைச்சலுக்குள் அமுங்கிப்போகிறது. குறுக்குத் தெருவில் வருபவர் நிலை இன்னும் மோசம். சைரனின் ஒலி பெரும்பாலும் முன்னோக்கியே பாய்கிறது, மூலைக் கட்டடமும் அதை மறித்துவிடுகிறது.

தாழ்ந்த ஒலி என்ன செய்கிறது?

ரம்ப்ளர் முதன்மை சைரனின் அதே ஒலியை எடுத்து, அதன் அதிர்வெண்ணை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து வெளியிடுகிறது. 1,000 ஹெர்ட்ஸில் கத்தும் ஒலி 250 ஹெர்ட்ஸில் உறுமும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 250 ஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 1.4 மீட்டர். நீண்ட அலை தடைகளைச் சுற்றி எளிதாக வளைந்து வரும். கண்ணாடியும் தகடும் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அடுத்த தெருவில் திருவிழாக் கச்சேரி நடக்கும்போது கதவைச் சாத்தினால் பாடகர் குரல் மங்கி, பேஸ் அதிர்வு மட்டும் நெஞ்சில் இடிப்பது இதனால்தான். காருக்குள் இருப்பவர் இந்த சைரனைக் கேட்பதோடு ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் உணரவும் முடிகிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. தாழ்ந்த ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் சட்டென்று பிரித்தறிவது கடினம். அதனால்தான் இதை எப்போதும் முதன்மை சைரனோடும் சுழல்விளக்கோடும் சேர்த்தே இயக்க வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் இடம். ஸ்பீக்கரைக் கேபினுக்கு நேர் மேலே கூரையில் வைத்தால், உள்ளே இருப்பவர்களின் காதுதான் முதலில் அடிவாங்கும். முன் பம்பரிலோ கிரில்லுக்குப் பின்னாலோ முன்னோக்கி வைப்பதே நல்லது. ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கக் கூடாது. முன்பக்கம் ஏர்பேக் சென்சார் இருக்கும் இடத்தையும், ஏர்பேக் விரியும் பாதையையும் வண்டித் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்து, அங்கே எதையும் பொருத்தாமல் விட வேண்டும். துளை போடும் முன் தகட்டின் மறுபக்கம் பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ ஒயரோ போகிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்வாக வைக்கும் பெரிய ஸ்பீக்கரில் மழைநீர் தேங்காமல் வடிய வழி இருக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். 12 வோல்ட் வண்டியில் 200 வாட் சைரன் என்றால் ஏறக்குறைய 17 ஆம்பியர். ஆம்ப்ளிஃபயர் இழக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஏற்கெனவே இருக்கும் ஹாரன் ஒயரிலிருந்து இதற்கு இணைப்பு எடுப்பது தீயை அழைப்பதற்குச் சமம். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் போட வேண்டும். ஃப்யூஸ் தள்ளி இருந்தால், இடைப்பட்ட ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதைக் காக்க எதுவுமில்லை. தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம். எர்த் இணைப்பைப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஓம் கணக்கு. 100 வாட் சைரன் ஸ்பீக்கர்கள் வழக்கமாக 11 ஓம் தடை கொண்டவை. இரண்டை இணையாக இணைத்தால் மொத்தத் தடை 5.5 ஓம் ஆகிவிடும். ஒரே ஒரு ஸ்பீக்கருக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரில் இப்படி இரண்டை மாட்டினால் அது சூடேறிக் கருகும். சத்தம் கூட்ட நினைத்து, இருக்கும் சைரனையும் நடுவழியில் இழக்க நேரிடும்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்கும்போது ஸ்பீக்கருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பொருத்துபவர் காதடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம், 115 டெசிபெல்லில் அரை நிமிடம்கூட இல்லை. மூடிய ஷெட்டுக்குள் சைரனைச் சோதிப்பவர் ஒரு நாளின் அளவை ஒரே அழுத்தில் தீர்த்துவிடுகிறார்.

ஒலிக்கும் முறை

முதலில் வந்த ரம்ப்ளர்கள் ஒருமுறை அழுத்தினால் சுமார் 8 வினாடி மட்டும் ஒலித்துத் தானாக நின்றுவிடும்படி அமைக்கப்பட்டன. கூடுதல் சைரனின் இயல்பே அந்த நேரக்கட்டுப்பாட்டில் இருக்கிறது. சந்திப்பை நெருங்கும்போது, நெரிசலில் வழி அடைபட்டிருக்கும்போது மட்டும் அதை ஒலிக்க வேண்டும். வழி நெடுக ஒலித்தால் சாலையோரம் நடப்பவர், கடைக்காரர், குழந்தைகள் எல்லாரும் பாதிக்கப்படுவார்கள். உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்கும் பதற்றம் கூடும்.

திறந்த சாலையில் மெதுவாக ஏறி இறங்கும் ‘வெய்ல்’ ஒலி, சந்திப்பில் வேகமாக அடிக்கும் ‘யெல்ப்’ ஒலி என்று மாற்றுவது பலரும் கைக்கொள்ளும் முறை. ஒலி மாறும்போதுதான் கவனம் திரும்புகிறது. வண்டிக்குள் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு அவசர வண்டிகள் அடுத்தடுத்துப் போனால் வெவ்வேறு ஒலி வைப்பது நல்லது. ஒன்று போனதும் மற்றவர்கள் வழியை மூடிவிடுவார்கள், இரண்டாவது வண்டி மோதுவது அங்கேதான்.

சிவப்பு விளக்கில் என்ன செய்வது? நியூயார்க் மாநிலச் சட்டம் அவசர வண்டிக்குச் சிவப்பு விளக்கைத் தாண்ட அனுமதி தருகிறது. ஆனால் பாதுகாப்புக்குத் தேவையான அளவு வேகம் குறைத்த பிறகே தாண்டலாம், எல்லாருடைய பாதுகாப்பையும் கருதும் பொறுப்பு ஓட்டுநரை விட்டு நீங்காது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நல்ல ஓட்டுநர் முழுதாக நிறுத்தி, குறுக்கே வரும் ஒவ்வொரு தடத்திலும் வண்டி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே நகர்வார். சைரன் கேட்டிருக்கும் என்ற நினைப்பில் பாய்வதுதான் ஆபத்து. சைரன் வழி கேட்கும் கருவி. வழி கொடுப்பது எதிரே இருப்பவர்.

நம் ஊர்ச் சட்டம்

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-வது விதி, பல சுருதி மாறி ஒலிக்கும் ஹாரன்களையும் அலறும் கருவிகளையும் பொதுவாகத் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பணியிலிருக்கும் போலீஸ் வண்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கும் வண்டி வைத்திருக்கும் எல்லையின் பதிவு அதிகாரி ஒப்புதல் தந்த ஒலிக்குத்தான். எனவே ஆம்புலன்ஸ் வைத்திருப்பவர் கூடுதல் சைரன் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும். கடைக்காரர் “எல்லாரும் போடுறாங்க சார்” என்று சொல்வது ஒப்புதல் ஆகாது.

மறுபக்கம், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194இ பிரிவின்படி அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்களுக்குச் சொல்வது இதுதான்: கூடுதல் சைரனை முறைப்படி பொருத்துங்கள், தேவைப்படும் சில வினாடிக்கு மட்டும் அழுத்துங்கள், சந்திப்பில் கண்ணை நம்புங்கள். கார் ஓட்டும் மற்றவர்கள் பாட்டின் ஒலியைக் கொஞ்சம் குறைத்து, பின்புறக் கண்ணாடியை அடிக்கடி பார்த்து, சுழல்விளக்கு தெரிந்தவுடன் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி நில்லுங்கள். ஒரு வண்டி போன பிறகும் உடனே நடுச்சாலைக்குத் திரும்பாதீர்கள், பின்னால் இன்னொன்று வரலாம்.