டேப்லட்டா, மின்நூல் கருவியா? அரசு கேட்க மறந்த கேள்வி

புது தில்லி: மாணவர்களுக்கு மலிவு விலையில் டேப்லட் என்ற முழக்கத்துடன் 'ஆகாஷ்' கருவியை மத்திய அரசு தில்லியில் அறிமுகப்படுத்தியது 2011 அக்டோபர் 5-ஆம் தேதி. அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டார். அரசு வாங்கிய விலை ரூ.2,300-க்கும் குறைவு. ஆனால், 7 அங்குலத் திரையை அழுத்தினால்தான் இயங்கியது. மின்கலம் 3 மணி நேரம் நீடிப்பதே அரிதாக இருந்தது. புகார்கள் எழவே, மேம்படுத்தப்பட்ட 'ஆகாஷ்-2' 2012 நவம்பரில் வெளியானது. சில ஆண்டுகளில் திட்டமே பேச்சிலிருந்து மறைந்தது.

எனினும், அரசே கருவி வாங்கித் தரும் வழக்கம் மறையவில்லை. உத்தரப் பிரதேச அரசு 2021 டிசம்பர் 25 முதல் மாணவர்களுக்கு ஸ்மார்ட்போன்களையும் டேப்லட்டுகளையும் வழங்கத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 10 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் சுமார் 5 லட்சம் பேருக்கு டேப்லட் வழங்கும் திட்டத்தை ஹரியாணா அரசு 2022 மே மாதம் தொடங்கியது. எங்கும் விவாதம் விலையையும் எண்ணிக்கையையும் சுற்றியே நடந்தது. மாணவர் எதை, எவ்வளவு நேரம் படிக்கப் போகிறார் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இரு வேறு திரைகள்

டேப்லட்டின் திரை ஒளியை உமிழ்வது. வண்ணப்படம், காணொலி, இணையம் என எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. கவனத்தைச் சிதறடிக்கும் விளையாட்டுகளுக்கும்தான். 'கிண்டில்' போன்ற மின்நூல் கருவியின் அமைப்பே வேறு. அதன் திரையில் உள்ள நுண்ணிய உறைகளில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கும். மின்புலம் மாறும்போது அவை மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் புரளும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. எனவே, ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் பயன்படுத்தலாம். கடும் வெயிலிலும் எழுத்து மங்காது. மின்தடை மிகுந்த கிராமங்களுக்கு இது சிறிய வசதியல்ல.

அப்படியானால் மின்நூல் கருவியையே வழங்கியிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கவுன்சில் (என்சிஇஆர்டி) தனது பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஆனால், அவை அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டும் பிடிஎஃப் கோப்புகள். 6 அங்குலத் திரையில் எழுத்து கடுகாகச் சிறுத்துவிடும். வண்ண வரைபடம் பொருளிழக்கும். நாவல், வரலாறு, கட்டுரை என நெடுநேரம் படிப்பவருக்கு மின்நூல் கருவியும், படங்கள் நிறைந்த பாடநூலுக்கு டேப்லட்டும் பொருந்தும்.

கோப்பில் உள்ளது சூட்சுமம்

கருவியைவிடக் கோப்பின் வடிவமே முக்கியம். திரைக்கேற்ப வரிகள் மடங்கும் 'இபப்' வடிவில் நூல் இருந்தால் எந்தக் கருவியிலும் படிக்கலாம். யூனிகோடு எழுத்தில் இருந்தால் மென்பொருள் அதை வாய்விட்டு வாசிக்கும். பக்கத்தைப் படமெடுத்த கோப்பிலும், பழைய எழுத்துருக்களில் அமைந்த இந்திய மொழிக் கோப்பிலும் அது தடுமாறும். இதனால் முதலில் பாதிக்கப்படுபவர் பார்வையற்ற மாணவரே. அவர்களுக்கு நூல் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அதன் தொடர்ச்சியாக 2016 ஆகஸ்டில் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது.

பன்னாட்டு அரங்கில் தந்த வாக்குறுதி, பாடநூலைப் பதிவேற்றும் அலுவலகம் வரை எட்டவேண்டும். கருவி சில ஆண்டுகளில் பழுதாகும். முறையான வடிவில் சேமித்த நூல் அடுத்து வரும் கருவியிலும் திறக்கும். எத்தனை டேப்லட்டுகள் வழங்கினோம் எனக் கணக்குக் காட்டும் அரசுகள், எத்தனை நூல்களை எல்லோரும் படிக்கும் வடிவில் தந்தோம் என்ற கணக்கையும் வெளியிட வேண்டும்.