'உங்க இஷ்டம்'னு நோயாளி சொல்றாரா? கொஞ்சம் கவனியுங்க!

"எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பண்ணிடலாம்." டாக்டர் இப்படிச் சொன்னதுமே வீடு பரபரப்பாகிவிடும். ஒருவர் பணத்துக்கு அலைவார், இன்னொருவர் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று விசாரிப்பார், நீங்கள் மொபைலில் தேடிக்கொண்டிருப்பீர்கள். நோயாளி மட்டும் அமைதியாக உட்கார்ந்திருப்பார். 'எவ்ளோ தைரியம் பாரேன்' என்போம். அது தைரியம்தானா?

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களுக்குச் செய்யப்படும் இந்தச் சிகிச்சை நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி-யில் 1986-லேயே தொடங்கிவிட்டது. இதை ஆபரேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ரத்தம் ஏற்றுவதுபோலத்தான் ஸ்டெம் செல்களை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். கஷ்டமே அதற்கு முன்னும் பின்னும்தான். கடுமையான கீமோ, முடி உதிர்வு, வாய்ப்புண், வாரக்கணக்கில் தனி அறை, முதல் 100 நாள்கள் தொற்று வராமல் பார்த்துக்கொள்வது, குழந்தை பெறும் வாய்ப்பு பாதிக்கப்படுமோ என்ற கவலை. பலன் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பயம் வருவது இயல்பு. ஆனால், அது அளவு மீறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதையெல்லாம் கவனியுங்க

* எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க' என்று ஒதுங்குவது.
* டெஸ்ட்டையும் டாக்டரைப் பார்க்கும் தேதியையும் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுவது.
* ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது, அல்லது ஒரு கேள்விகூட கேட்காமல் இருப்பது.
* 'என்னால எல்லாருக்கும் கஷ்டம்', 'நகையெல்லாம் அடகுக்குப் போகுதே' என்று குற்றவுணர்வில் புழுங்குவது.
* பிடித்த கிரிக்கெட், சீரியல், நண்பர்களின் போன் எதிலும் ஆர்வமில்லாமல் போவது.

சோர்வு, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை நோயாலும் மருந்துகளாலும்கூட வரும். அதனால் இவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. 'ஆசையே இல்ல', 'நம்பிக்கையே இல்ல' என்ற மனநிலை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

புற்றுநோய் மருத்துவத்தில் 'டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர்' என்றொரு எளிய வழி இருக்கிறது. 'போன ஒரு வாரத்துல உங்க மனக்கஷ்டத்துக்கு 0-விலிருந்து 10-க்குள்ள எத்தனை மார்க் போடுவீங்க?' அவ்வளவுதான் கேள்வி. பதில் 4 அல்லது அதற்கு மேல் என்றால், சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டும்.

எப்படிப் பேசுவது?

'ஒண்ணும் ஆகாது, பாசிட்டிவ்வா இரு' என்று சொன்னால் அவர் அதற்குமேல் வாய் திறக்க மாட்டார். அதற்குப் பதிலாக, 'இதுல உனக்கு எது ரொம்ப பயமா இருக்கு?' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பல நேரங்களில் அந்தப் பயத்துக்கு வழி இருக்கும். உதாரணமாக, குழந்தை பற்றிய கவலை என்றால், விந்தணு அல்லது கருமுட்டையை உறையவைக்க முடியுமா என்று கேட்கலாம். ஆனால், கீமோ தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். அவர் வாயைத் திறக்காமலே இருந்தால், அந்த வாய்ப்பு கைநழுவிப் போகலாம்.

'மனசு சரியில்லன்னு சொன்னா சிகிச்சையே தரமாட்டாங்களோ' என்று சிலர் மறைப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால்தான் மனநல ஆலோசனையும் தேவைப்பட்டால் மருந்தும் தந்து தயார்படுத்த முடியும் என்பதைப் புரியவையுங்கள்.

தானம் தரப்போகும் அண்ணன், தங்கையையும் மறக்காதீர்கள். உடன்பிறந்த ஒருவருக்கு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25% தான். பொருந்திவிட்டால் மொத்தக் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் அவர் தலையில்தான் விழும். 'உனக்கு ஓகேவா?' என்று அவரையும் தனியாகக் கேளுங்கள்.

'நான் போய்ட்டா எல்லாருக்கும் நிம்மதி' என்பது போன்ற பேச்சு வந்தால் தாமதிக்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அடுத்த முறை ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன், ரிப்போர்ட் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா? அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'டாக்டர்கிட்ட நீ என்ன கேக்கணும்னு நினைக்கிற?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, அந்த ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள்.