காஷ்மீர் வரை போகும் டயர்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சளோ ஜவ்வரிசியோ ஏற்றிய லாரி, ராசிபுரத்தைக் கடந்து ஆண்டகளூர்கேட்டில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால், அதன் பிறகு சாலை எண் மாறாமலே சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று ஸ்ரீநகர் வரை போய்ச் சேரலாம். 2010ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் இடப்பட்டபோது, அதுவரை 7 என்று வழங்கிய சேலம்–நாமக்கல் சாலையும் 1ஏ என்று வழங்கிய ஜம்மு–ஸ்ரீநகர் சாலையும் ஒரே எண்ணுக்குள் வந்தன. நேஷனல் பெர்மிட் லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் வெயிலுக்கென்று மாட்டப்படும் அதே டயர்தான், ஆப்பிள் ஏற்றுவதற்காகக் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள பனிஹாலைத் தாண்டும்போது உறைநிலைக்குக் கீழே உருள வேண்டியிருக்கிறது. ஆப்பிள் காலம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை நீள்வதாலும், 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே பள்ளத்தாக்கில் கடும் பனி கொட்டியதாலும், கடைசி நடைக்குப் போகிற லாரி பனியைச் சந்திப்பது அரிதான நிகழ்வு அன்று.

பனிநாடுகளில் இதற்கென்றே குளிர்காலடயர் என்ற தனி வகை உண்டு. கார்களுக்குரிய ஆடம்பரப் பொருளாகப் பலர் அதை எண்ணினாலும், அது முதலில் லாரிக்காகவே செய்யப்பட்டது. ஃபின்லாந்தின் நோக்கியா நகரில் இயங்கிய, இன்று நோக்கியன் டயர்ஸ் என்று அறியப்படும் நிறுவனம், 1934இல் பனிச்சாலையில் சரக்கு வண்டிகள் ஓடுவதற்கென ஒரு டயரை வெளியிட்டது. கார்களுக்கான வகை அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே வந்தது.

இத்தகைய டயர் சாதாரண டயரிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் அதன் ஆழமான பட்டனைக் காட்டுவர். பட்டன் என்பது டயரின் மேற்புறத்தில், தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளுக்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்க் கலவையே முதல் வேறுபாடு. எந்த ரப்பரும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் நெகிழ்வை முற்றிலும் இழந்து கண்ணாடியைப் போல இறுகிவிடும். அந்த எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே அது படிப்படியாக விறைக்கத் தொடங்குகிறது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் பதிந்து அமர்வதால்தான் பிடிப்பு உண்டாகிறது என்பதால், விறைத்த ரப்பர் சாலையின்மேல் உட்காராமல் சறுக்குகிறது. கோடைச் சாலைக்கென்று செய்யப்பட்ட கார் டயர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்தக் குறையைக் காட்டத் தொடங்கும் என்பது ஐரோப்பாவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குளிர்காலடயரில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் நெகிழ்வாக இருக்கும் பியூட்டாடையீன் ரப்பரும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டு, சிலிக்கா என்னும் மணற்சத்துப் பொடியும் கலக்கப்படுகிறது. லாரி டயரின் மேற்பரப்பில் இயற்கை ரப்பரின் பங்கு கார் டயரில் உள்ளதைவிடப் பெரும்பாலும் அதிகம் என்பதால், குளிரில் விறைக்கும் தொல்லை லாரிக்குச் சற்றுக் குறைவு என்பது ஓட்டுநர்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு சாதகம்.

பட்டனின் வேலையும் நம் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறானது. மழைக்காலத்தில் டயரின் பள்ளங்கள் தண்ணீரையும் சேற்றையும் வாரி வெளியே எறிய வேண்டும். அவை அடைத்துக்கொண்டால் அதுவே குறை. பனியிலோ, பள்ளங்கள் ஓரளவு பனியை அள்ளித் தம்முள் இறுக்கி வைத்துக்கொள்வதே நன்மை, ஏனெனில் ரப்பர் பனியைப் பற்றுவதைவிடப் பனி பனியைப் பற்றுவது வலுவானது. ஒவ்வொரு கட்டியின் முகத்திலும் பிளேடால் கீறியது போன்ற நெளிவரிகள் பல இருக்கும். சக்கரம் உருளும்போது இவை சற்றே விரிந்து, நூற்றுக்கணக்கான கூர்விளிம்புகளாகப் பனியைக் கவ்வுகின்றன, பனிக்கட்டியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தையும் உறிஞ்சி விலக்குகின்றன.

பொழிந்து கிடக்கும் பனியையும் பனிக்கட்டியையும் இங்கே பிரித்துப் பார்ப்பது அவசியம். காய்ந்த தார்ச்சாலையில் ரப்பரின் உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் எடையில் எத்தனை பங்கு பிடிப்பாக மாறுகிறது என்ற விகிதம், சுமார் 0.7 என்று கொண்டால், இறுகிய பனியில் அது 0.2 அளவுக்கும், பனிக்கட்டியில் 0.1 அளவுக்கும் இறங்கிவிடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்த கணத்திலிருந்து கணக்கிட்டால், காய்ந்த சாலையில் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 31 மீட்டரும் பனிக்கட்டியில் 63 மீட்டரும் ஓடித்தான் நிற்கும். பனிக்கட்டி மிக மோசமாக வழுக்குவது கடுங்குளிரில் அன்று. பூஜ்ஜிய டிகிரியை ஒட்டி, அதன் மேல்பரப்பு இளகி நிற்கும் வேளையில்தான். பகலில் உருகிய பனிநீர் இரவில் சாலைமேல் கண்ணாடித் தகடாக உறைந்து, கருமையான தாருடன் நிறம் ஒன்றிக் கிடக்கும் விடியற்காலை, ஒரு அடி பனி கொட்டிய நாளைவிட ஆபத்தானது. பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் இடையே 2021இல் திறக்கப்பட்ட எட்டரைக் கிலோமீட்டர்ச் சுரங்கப்பாதை, 1956ஆம் ஆண்டின் பழைய ஜவஹர் சுரங்கத்தைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வில் அமைந்து, பனிச்சரிவுக்குப் பேர்போன உச்சிப் பகுதியைத் தவிர்த்துவிட்டது என்பது உண்மை. எனினும் விடியற்காலைத் தகட்டை எந்தச் சுரங்கமும் தவிர்க்க முடியாது, எந்த ரப்பரும் முழுமையாக வெல்லவும் முடியாது.

டயர் வாங்குவோர் அதன் பக்கச் சுவரைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. எம்+எஸ் என்ற எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வதைக் குறிக்கின்றனவே தவிர, அதற்குப் பின்னால் கட்டாயச் சோதனை எதுவும் இல்லை. மூன்று சிகரங்களுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரையப்பட்ட முத்திரை இருந்தால், அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டு வரையறுத்த அளவை எட்டியது என்று பொருள். ஜெர்மனி 2024 அக்டோபர் முதல், பனிச்சூழலில் ஓட்டுவதற்கு இந்த மலைமுத்திரையை மட்டுமே ஏற்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியல் தமிழர்கள் உட்பட எல்லாரும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை தம் கார்களில் குளிர்காலடயர் மாட்டியிருக்க வேண்டும். டொராண்டோ அமைந்த ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் மாட்டியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016 முதல் நடப்பில் உள்ளது. ஈழத்தமிழர் பலர் குடியேறிய நார்வேயில் ஆணி பதித்த டயருக்கும் அனுமதி உண்டு. பனிக்கட்டியில் அதற்கு ஈடில்லை, ஆனால் காய்ந்த சாலையை அது அரைத்துத் தூசியாக்கிவிடும் என்பதால் ஆஸ்லோ நகரம் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறது.

இந்த அறிவையெல்லாம் நாமக்கல் லாரிக்குப் பொருத்திப் பார்க்கும்போது, குளிர்காலடயர் வாங்குவது வீண்செலவு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் பனி குறுக்கிடக்கூடியது பனிஹாலை ஒட்டிய மலைப்பகுதியும் அதற்கு அப்பால் உள்ள சுமார் நூறு கிலோமீட்டரும்தான். மிச்சத் தூரம் முழுவதும் வெப்பச் சாலை. குளிருக்கென்று இளக்கி வைத்த ரப்பர், பாரம் ஏற்றிய நிலையில் ஆந்திரத்து வெயிலிலும் தெலங்கானா வெயிலிலும் வெகு வேகமாகத் தேயும். அந்த டயரைப் பனிஹால் அடிவாரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் நடவாத காரியம்: பத்து டயர் லாரிக்குப் பத்து டயரையும் உடன் சுமந்து செல்வதற்குச் சமம் அது. சங்கிலியே இங்கு முறையான விடை. இயந்திரத்தின் விசை சென்று சேரும் பின் அச்சின் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி வலையைச் சுற்றிக் கட்டினால், கணுக்கள் இறுகிய பனிக்குள்ளும் பனிக்கட்டிக்குள்ளும் அழுந்திப் பிடிக்கின்றன. இரட்டைச் சக்கரத்தில் வெளிச்சக்கரத்துக்கு மட்டுமாவது கட்டுவது வழக்கம். சங்கிலி கட்டிய வண்டியை மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் விரட்டுவதும், பனி தீர்ந்த தார்ச்சாலையில் கழற்றாமல் ஓட்டுவதும் சங்கிலியை அறுக்கும், டயரையும் கிழிக்கும். டயரின் அளவுக்குப் பொருந்திய சங்கிலி வேண்டும் என்பதும், அதைக் கட்டுவதற்கு ஊரில், வெயிலில், பட்டறை வாசலிலேயே ஒருமுறை பழகிக்கொள்ள வேண்டும் என்பதும், விரல் மரத்துப்போகும் குளிரில் முதன்முதலாகச் சங்கிலியைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்குத்தான் நன்றாக விளங்கும்.

சங்கிலி இருந்தாலும் டயர் மொட்டையாக இருந்தால் பயனில்லை. இந்தியச் சட்டம் லாரி டயருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர்ப் பள்ளம் போதும் என்கிறது. நார்வேயோ குளிர்காலத்தில் கனரக வண்டிகளுக்கு 5 மில்லிமீட்டர் கேட்கிறது. நாமக்கல், கரூர்ப் பகுதிகளில் நன்கு வேரூன்றிய ரீட்ரெடிங் தொழில், அதாவது தேய்ந்த டயரின் உடல் கெடாமலிருந்தால் அதன்மேல் புது ரப்பர்ப் பட்டையை ஒட்டி வேகவைத்துத் தரும் வேலை, இவ்விடத்தில் கைகொடுக்கக்கூடியது. எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் இந்த ரீட்ரெடிங் ரப்பர் செய்யப் புகுந்து, அதன் பிறகே டயருக்கு வந்தது. மலைநடைக்குப் போகிற லாரியின் விசைச் சக்கரங்களுக்கு, நீளவாட்டு வரிகள் மட்டுமுள்ள பட்டையைவிடக் குறுக்குவாட்டில் ஆழமான கட்டிகளுள்ள பட்டையை ஒட்டச் சொல்வது, கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளில் மழைநாளில் ஏறுவதற்கும் உதவும். முன்சக்கரங்களில் ரீட்ரெடிங் டயரைத் தவிர்ப்பது நல்லது. திருப்புவதும் தடுமாறாமல் நிற்பதும் அவற்றைச் சார்ந்தவை.

காற்றழுத்தத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். டயருக்குள் அடைபட்ட காற்று குளிர்ந்தால் சுருங்கும். நாமக்கல்லில் 35 டிகிரி வெப்பத்தில் 110 பவுண்டு பிடித்த டயர், மைனஸ் 5 டிகிரியில் ஓர் இரவு நின்றால் ஏறத்தாழ 15 பவுண்டு குறைந்து காட்டும்; உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அதில் இரண்டு மூன்று பவுண்டு ஈடாகும் அவ்வளவே. காற்று குறைந்தால் பிடிப்பு கூடும் என்ற எண்ணம் மணலுக்குப் பொருந்தலாம். பாரம் ஏற்றிய லாரியில் அது பக்கச் சுவரை மடக்கிச் சூடேற்றி டயரை வெடிக்கச் செய்யும். ஆகவே ஜம்முவைத் தாண்டியதும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு அளந்து சரிசெய்துகொள்வதும், திரும்பும் வழியில் சமவெளி வெயிலில் மறுபடி அளப்பதும் வேண்டும்.

பாரம் அதிகமானால்தான் ஆபத்து என்ற நம்பிக்கையும் பனியில் பாதியே சரி. ஏற்றத்தில் வழுக்கி நின்றுவிடுவது பெரும்பாலும் வெற்று லாரிதான், ஏனெனில் விசைச் சக்கரத்தின்மேல் அதை அழுத்துவதற்கு எடை இல்லை. தூக்கக்கூடிய அச்சு உள்ள பன்னிரண்டு, பதினான்கு டயர் வண்டிகளில், பாரம் அனுமதிக்கும் அளவுக்கு அந்த அச்சைத் தூக்கி எடையை விசைச் சக்கரங்களுக்கு மாற்றுவது ஏற்றத்தில் உதவும். இறக்கத்தில் எக்சாஸ்ட் பிரேக், அதாவது புகைக்குழாயை அடைத்து இயந்திரத்தாலேயே வேகத்தைக் குறைக்கும் முறை, காய்ந்த மலைச்சாலையில் பெரிய துணையாக இருந்தாலும், பனிக்கட்டியில் அது விசைச் சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தி வண்டியின் பின்பாகத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடக்கூடும்.

சுற்றுலாவாகச் சொந்தக் காரில் காஷ்மீர் செல்லும் சேலத்துக்காரருக்கும் ராசிபுரத்துக்காரருக்கும் கணக்கு இன்னும் எளியது. தங்மார்கிலிருந்து குல்மார்க் ஏறும் சாலையில் பனிக்காலத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கர விசை வண்டியோதான் அனுமதிக்கப்படும் என்பதால், காரைத் தங்மார்கில் நிறுத்திவிட்டு, சங்கிலியும் அதைக் கட்டத் தெரிந்த ஓட்டுநரும் சேர்ந்து கிடைக்கும் உள்ளூர் டாக்சியில் மேலே போவதற்கு ஆகும் செலவு, நான்கு குளிர்காலடயர்களின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.